பழைய காடி: வாங்குவதும் விற்பதும் பேணுவதும்

 

நான் ஸ்ரீ கெம்பாங்கானில் மளிகைக் கடை வைத்திருப்பவன். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பும், மதரஸாவில் கொஞ்சம் ஓதலும்தான் என் படிப்பு. மோட்டார் சாஸ்திரம் கற்றவன் அல்லன். ஆனால் கடைக்கு வந்த நாள் முதல் இன்று வரை 5 பழைய காடிகளை வாங்கி, 4 காடிகளை விற்றிருக்கிறேன். அவற்றில் ஒன்றில் நன்றாக ஏமாந்தும் இருக்கிறேன். நம் சகோதரர்கள் பலர் இதே விஷயத்தில் பணத்தையும் மன நிம்மதியையும் இழப்பதைப் பார்த்து வருகிறபடியால், அறிந்த மட்டில் ஒரு பாடமாக எழுதத் துணிந்தேன். பிழை இருந்தால் பெரியவர்கள் திருத்துவார்களாக.

பாடத்தின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாவி கைமாறியதும் வியாபாரம் முடிந்ததாக நினைக்கிறோம். அது முடியவில்லை. குறை சொல்லப்பட்டு, பாக்கி தீர்க்கப்பட்டு, பெயர் மாற்றப்பட்டால்தான் பழைய காடியின் வியாபாரம் முடிந்தது. இம்மூன்றில் எது குறைந்தாலும் வாங்கியவருக்கோ விற்றவருக்கோ ஒரு நாள் தலைவலி வந்தே தீரும்.

பழைய காடி நமக்கு ஏன் தேவை?

விடியற்காலையில் பாசார் போரோங் சிலாங்கூருக்குப் போய்க் காய்கறி எடுக்க வேண்டும். கிள்ளானிலிருந்து சாமான் கொண்டு வர வேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கும் மதரஸாவுக்கும் விட வேண்டும். காடி இல்லாமல் இந்த வட்டாரத்தில் கடை நடத்துவது சிரமம். புதுக் காடி வாங்கினால் முதல் சில வருஷங்களில்தான் அதன் கிரயம் வேகமாக விழுகிறது. அந்த நஷ்டத்தை முதல் சொந்தக்காரர் ஏற்றுக்கொண்ட பிறகு நாம் வாங்குவது வியாபாரிக்கு ஏற்ற புத்திதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்நாட்டில் அதற்கு வசதியும் உண்டு. 1985 ஜூலை மாதம் புரோட்டோன் சாகா வெளிவந்தது. 1993-இல் பெரோடுவா கம்பெனி ஏற்பட்டு, 1994-இல் கஞ்சில் காடியையும், 2005-இல் மைவியையும் கொண்டு வந்தது. இக்காடிகள் ஊரெங்கும் ஓடுகிறபடியால் உபரிச் சாமான் சகாய விலையில் கிடைக்கிறது. எந்தப் போரமனுக்கும் இவற்றின் வேலை தெரியும். பழைய காடி வாங்குவோர் முதலில் கவனிக்க வேண்டியது இதுதான். பேர் போன வெளிநாட்டுக் காடி மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி, ஒரு சாமானுக்காக இரண்டு மாதம் காத்துக் கிடப்பவர்கள் உண்டு. வாங்கும் கிரயத்தை மட்டும் பார்க்கலாகாது. வைத்திருக்கும் செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நான் ஏமாந்த கதை

2021 டிசம்பர் 18, 19 தேதிகளில் கிள்ளான் பள்ளத்தாக்கில் பெய்த பெருமழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகள் மேல்மாடி வரை மூழ்கின. தெருத் தெருவாகக் காடிகள் நீரில் கிடந்தன. அந்தக் காடிகள் பிறகு எங்கே போயின என்று அன்று நான் யோசிக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து, 2022-இல், ஏழு பேர் உட்காரும் பழைய காடி ஒன்று வாங்கினேன். பின் ஆசனத்தை மடக்கினால் அரிசி மூட்டை ஏற்றலாம் என்பது என் கணக்கு. வெளி மினுமினுப்பு கண்ணைப் பறித்தது. உள்ளே நல்ல வாசனைத் திரவியம் மணத்தது. சந்தைக் கிரயத்தைவிடக் கொஞ்சம் குறைவு. 27,000 வெள்ளி ரொக்கமாகக் கொடுத்தேன். கடையில் ஆள் இல்லை என்ற அவசரத்தில், இஷாவுக்குப் பிறகு விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, அரை மணி நேரத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று மாதம் சரியாக ஓடியது. பிறகு ஒரு பக்கக் கண்ணாடி தானாக இறங்கியது; ஏற மறுத்தது. முன்பலகை விளக்குகள் காரணமில்லாமல் எரிந்தன. ஒரு நாள் சுங்கை பீசி சாலையில், பின்னால் லோரிகள் ஹாரன் அடிக்க, நடு நெரிசலில் நின்றே போயிற்று. போரமன் முன் ஆசனத்தைக் கழற்றி, கீழே விரித்திருந்த கம்பளத்தைத் தூக்கினார். அடியில் காய்ந்த வண்டல் மண்! "பாய், இது தண்ணீரில் குளித்த காடி" என்றார். 2,800 வெள்ளி செலவழித்தும் கம்பிகளின் கோளாறு முழுவதும் தீரவில்லை. விற்றவரிடம் போனேன். "உள்ளபடியே பார்த்துச் சம்மதித்து வாங்கிக்கொண்டேன்" என்று நான் கையெழுத்திட்ட காகிதத்தை எடுத்துக் காட்டினார். நான் அதைப் படிக்காமல் கையெழுத்திட்டிருந்தேன்.

அந்தக் காடியை நான் பிறகு என்ன செய்தேன் என்பதை, விற்பனைப் பாடத்தில் சொல்கிறேன்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

1. நேரம்: பகல் வெளிச்சத்தில், மழையில்லாதபோது பாருங்கள். மழைத்துளி படிந்த காடியில் பெயிண்டின் வித்தியாசம் தெரியாது. காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது போவது மிக நல்லது. நீங்கள் போகும்போதே என்ஜின் சூடாக இருந்தால், சுலபமாக ஸ்டார்ட் ஆகாத குறையை மறைக்க முன்பே ஓட விட்டிருக்கலாம்.

2. வெள்ளத்தின் அடையாளம்: ஆசன வாரைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை தங்கியிருக்கும். ஆசனத்தின் அடியிலுள்ள இரும்புத் தண்டவாளத்திலும் திருகாணிகளிலும் துரு இருக்கிறதா, உபரிச் சக்கரம் வைக்கும் குழியில் மண் இருக்கிறதா, முன் விளக்குக் கண்ணாடிக்குள் நீராவி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். வாசனைத் திரவியம் அளவுக்கு மீறி மணத்தால் சந்தேகப்படுங்கள். எல்லாப் பொத்தான்களையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள்.

3. மோதலின் அடையாளம்: கதவு, என்ஜின் மூடி, பின் மூடி இவற்றின் இடைவெளி இரு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். மூடிகளைப் பிணைக்கும் திருகாணிகளில் பெயிண்ட் உரிந்திருந்தால், அவை கழற்றி மாட்டப்பட்டவை. முன்பாதி ஒரு காடி, பின்பாதி ஒரு காடி என்று வெட்டி ஒட்டியவையும் சந்தைக்கு வருவதுண்டு. அடித்தட்டிலும் கதவுச் சட்டங்களிலும் கரடுமுரடான பற்றுவைப்புத் தெரிந்தால், கிரயம் எவ்வளவு மலிவானாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

4. எண்ணெயும் புகையும்: என்ஜின் எண்ணெயை அளக்கும் கம்பியை உருவிப் பாருங்கள். எண்ணெய் தே தாரிக் நிறத்தில் இருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. பெரும் செலவு காத்திருக்கிறது. புகை நீலமாக வந்தால் என்ஜின் எண்ணெய் எரிகிறது. சூடேறிய பின்னும் வெள்ளைப் புகை அடர்த்தியாக வந்தால் குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறது. கறுப்புப் புகை பெட்ரோல் அளவு மீறிப் போவதைக் காட்டும்.

5. ஓடிய தூரம்: கிலோமீட்டர் எண்ணை மட்டும் நம்பலாகாது. அதைக் குறைத்து வைப்பவர்கள் உண்டு. 60,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்று எண் காட்டும். பிரேக் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கும். இரண்டில் ஒன்று பொய். சர்வீஸ் செய்த ரசீதுகளைக் கேட்டு வாங்கித் தேதியையும் தூரத்தையும் ஒப்பிடுங்கள்.

6. டயர்: டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். காடியை விடப் புதிய டயர் இருப்பது சகஜம். ஆனால் பூ நன்றாக இருந்தும் வயதான டயர் வெடிக்கக்கூடியது. பூவின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சாலையில் ஓட்டவே கூடாது.

7. ஓட்டிப் பார்த்தல்: கியர் மாறும்போது இடி இடிக்கிறதா, பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று கவனியுங்கள். பிறகு ஏர்கானைப் போட்டு 20 நிமிடம் நின்ற இடத்திலேயே ஓட விடுங்கள். நம் ஊர் நெரிசலில் காடி படும் பாடு அதுதான். சூட்டு முள் ஏறினால் வேண்டாம்.

8. காற்றுப்பை: ஜப்பானின் தக்காத்தா கம்பெனி செய்த காற்றுப்பைகளில் சில, விரியும்போது இரும்புத் துண்டுகளைச் சிதறி ஆட்களைக் கொன்றன. மலேசியாவிலும் உயிர்கள் போயின. பல கம்பெனிகளின் காடிகள் திரும்ப அழைக்கப்பட்டன. தக்காத்தா 2017-இல் திவாலாயிற்று. அந்தக் காலத்துக் காடி வாங்குவோர், அதன் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, உரிய கம்பெனியின் சேவை நிலையத்தில் காற்றுப்பை மாற்றப்பட்டதா என்று அவசியம் விசாரிக்க வேண்டும். இந்த மாற்று வேலைக்குக் காசு வாங்குவதில்லை.

இத்தனையையும் நீங்களே பார்த்தாலும், உங்களுக்குத் தெரிந்த போரமன் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். விற்பவர் காட்டும் போரமன் வேண்டாம். 27,000 வெள்ளிச் சாமானுக்கு 100, 200 வெள்ளி கொடுத்துப் பார்க்கச் சொல்ல நான் கணக்குப் பார்த்தேன். அதன் பலனை மேலே படித்தீர்கள்.

பரிசோதனைச் சீட்டு எதைச் சொல்லும்?

பெயர் மாற்றத்துக்குமுன் காடியைப் பரிசோதனைக்குக் கொண்டு போவது வழக்கம். 1990-களின் நடுவிலிருந்து இந்த வேலை புஸ்பகோம் ஒன்றிடமே இருந்தது. 2024-இல் அந்தத் தனி உரிமை முடிந்தது. பெயர் மாற்றத்துக்கான பரிசோதனைக்கு பி5 என்றும், கடனில் வாங்கும் காடிக்கான பரிசோதனைக்கு பி7 என்றும் பெயர். நம்மில் பலர் "புஸ்பகோம் பாஸ்" என்றதும் காடியே நல்ல காடி என்று எண்ணிவிடுகிறார்கள். சேஸிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் பதிவோடு ஒத்திருக்கின்றனவா, அவற்றை யாராவது சுரண்டியிருக்கிறார்களா என்பதே அங்கே முக்கியம். திருட்டுக் காடியையும், வேறொரு காடியின் நம்பரை மாட்டிய போலிக் காடியையும் பிடிக்க அது உதவும். என்ஜின் இன்னும் எத்தனை வருஷம் ஓடும் என்று அது அத்தாட்சி கொடுக்காது. அதற்குப் போரமன்தான் வேண்டும்.

பாக்கியும் பெயரும்

சகோதரர்களே! இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

கடனில் ஓடும் காடிக்கு, கடன் தீரும்வரை உண்மையான உரிமை கடன் கொடுத்த பேங்குக்கே. இஸ்லாமிய முறையில், இஜாரா என்ற வாடகையில் தொடங்கிப் பிறகு விற்பனையில் முடியும் ஒப்பந்தத்திலும், வாடகை முடியும்வரை சொந்தக்காரர் பேங்குதான். அப்படியிருக்க, "மாதத் தவணையை நீங்கள் கட்டிக்கொள்ளுங்கள், காடியை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று பெயர் மாற்றாமல் கைமாற்றுகிறார்கள். மலாயில் இதைச் 'சம்போங் பாயார்' என்கிறார்கள். நம் கடைத்தெருக்களிலும் இது சகஜமாகிவிட்டது. பேங்கின் சம்மதமில்லாமல் அதன் பொருளைக் கைமாற்றுவது 1967-ஆம் ஆண்டின் தவணைக் கொள்முதல் சட்டப்படி குற்றமாகும்.

குற்றம் என்பதை விடுங்கள், நஷ்டத்தைப் பாருங்கள். எனக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவர் இப்படித் தம் காடியைக் கொடுத்தார். எடுத்தவர் எட்டு மாதம் ஒழுங்காகக் கட்டினார். பிறகு காணாமற் போனார், காடியும் போயிற்று. தவணை நின்றதும் வக்கீல் நோட்டீஸ் கடைக்காரருக்கு வந்தது. வேக அபராதச் சம்மன்களும் அவருக்கே வந்தன. பேங்குகள் பார்க்கும் கடன் ஏட்டில் அவர் பெயர் கெட்டது. நோன்புப் பெருநாள் சரக்குக்கு முதல் கேட்கப் போனபோது பேங்கு கையை விரித்துவிட்டது. எட்டு மாதத் தவணையை மிச்சப்படுத்தப் போய், இருபது வருஷ நாணயத்தை இழந்தார்.

எடுப்பவருக்கும் பாதுகாப்பு இல்லை. அவர் எத்தனை தவணை கட்டினாலும் ஏட்டில் பெயர் மற்றவருடையது. அந்த மற்றவர் வேறு காரணத்தால் சிக்கினாலும், மனம் மாறினாலும், காடி போய்விடும். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கேட்பதிலும் வில்லங்கம் வரும்.

இதே சட்டம் கடன்காரருக்குச் சில பாதுகாப்பும் தருகிறது. தொடர்ந்து இரண்டு தவணை தவறி, முறைப்படி எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்த பிறகுதான் காடியைப் பிடிக்கலாம். ரொக்கக் கிரயத்தில் 75 சதவீதத்துக்கு மேல் கட்டியிருந்தால் கோர்ட்டு உத்தரவு வேண்டும். கஷ்டம் வந்தால் காடியை ஒளிக்காமல் பேங்குக்கு நேரே போய்த் தவணையை நீட்டிக் கேட்பதே நல்ல வழி.

கடன் பாக்கியுள்ள காடியை வாங்குவதானால், பாக்கித் தொகையைப் பேங்கிடமிருந்தே எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். உங்கள் பணத்தில் அந்தப் பாக்கி முதலில் தீரட்டும், மிச்சம்தான் விற்பவருக்கு. பேங்கு தன் உரிமையை விடுவித்த பிறகு ஜேபிஜேயில் பெயரை மாற்றுங்கள். காடி கைமாறினால் 7 நாட்களுக்குள் அதைத் தெரிவித்துப் பதிவை மாற்ற வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம். "நம்ம ஆள்தானே, அடுத்த மாதம் மாற்றிக்கொள்ளலாம்" என்பது பெரிய ஆபத்து. அந்த ஒரு மாதத்தில் அந்தக் காடியில் யார் எந்தக் குற்றம் செய்தாலும், போலீஸ் முதலில் தட்டுவது ஏட்டில் பெயருள்ளவரின் கதவைத்தான்.

இன்சூரன்சையும் கவனிக்க வேண்டும். விற்றவரின் இன்சூரன்ஸ் வாங்கியவருக்குப் பொருந்தாது. விபத்துக் கோராதவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி காடிக்கு உரியதல்ல, ஆளுக்கு உரியது. சொந்தக் காடிக்கு அது 55 சதவீதம் வரை போகும். விற்றவர் அதைத் தம் அடுத்த காடிக்குக் கொண்டு போகலாம். வெள்ளச் சேதம் சாதாரண முழு இன்சூரன்சில் சேராது. தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். தாழ்வான இடத்தில் குடியிருப்போர் இதை மறக்கலாகாது.

பேணுதல்: காடிக்கும் ஒரு பேரேடு

கடைக்குப் பேரேடு எழுதுகிறோம். காடிக்கும் ஒரு குறிப்பேடு போடுங்கள். தேதி, ஓடிய தூரம், செய்த வேலை, கொடுத்த பணம் ஆகிய நான்கே பத்திகள். ரசீதுகளை அதிலேயே ஒட்டி வையுங்கள். இதனால் இரண்டு பிரயோஜனம். எது எப்போது மாற்ற வேண்டும் என்பது மறக்காது. நாளை விற்கும்போது உங்களுக்காகச் சாட்சி சொல்லும்.

என்ஜின் எண்ணெயைச் சாதாரண வகையானால் சுமார் 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறையும், உயர்ந்த செயற்கை வகையானால் சுமார் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறையும் மாற்றுவது வழக்கம். குறைவாக ஓடும் காடியானாலும் மாதக் கணக்கில் பழைய எண்ணெயை வைத்திருக்கலாகாது. என்ஜினில் ரப்பர் டைமிங் பெல்ட் உள்ள காடி வாங்கினால், எப்போது மாற்றினார்கள் என்று தெரியாத பட்சத்தில் உடனே மாற்றிவிடுங்கள். அது ஓடும்போது அறுந்தால், பல என்ஜின்களில் உள்ளேயே முட்டி மோதி என்ஜின் பாழாகும். சில நூறு வெள்ளிக்கு யோசித்தவர் சில ஆயிரம் கொடுப்பார். தானாக மாறும் கியர்ப் பெட்டிக்கும் எண்ணெய் உண்டு. அதற்கு அந்தக் காடிக்கென்று சொல்லப்பட்ட வகையையே ஊற்ற வேண்டும்.

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் அடிக்கும். டயர்க் காற்றை மாதம் இரு முறையாவது, டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். எவ்வளவு காற்று என்பது ஓட்டுநர் கதவுப் பக்கத்தில் ஒட்டிய சீட்டில் இருக்கும். நம்மவர்கள் பின் ஆசனத்தை மடக்கி அரிசி, எண்ணெய்ப் பெட்டி என்று மூட்டை மூட்டையாக ஏற்றுகிறோம். ஆட்களுக்காகச் செய்த காடி அது. அளவுக்கு மீறி ஏற்றினால் பிரேக் பிடிக்க அதிக தூரம் எடுக்கும்; டயரும் சூடேறும். ஒரே நடையில் முடிக்க எண்ணி உயிரைப் பணயம் வைப்பதைவிட இரண்டு நடை போவது மேல்.

விற்கும்போது

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

வெள்ளத்தில் குளித்த அந்தக் காடியை எப்படியாவது தள்ளிவிட எண்ணினேன். கம்பளத்தைக் கழுவி வெயிலில் காயவைத்தேன். நானும் ஒரு வாசனைப் புட்டி வாங்கினேன். பக்கத்துச் சாலையில் நாசி லெமாக் கடை போட்டிருந்த இளைஞர் ஒருவர், கல்யாணமாகி ஆறு மாதம், "நானா, காடியைக் கொடுப்பீர்களா? 23,000 வெள்ளி தருகிறேன்" என்றார். மறுநாள் முன்பணம் கொண்டு வருவதாகப் பேச்சு. என் மனம் என்ன சொன்னது தெரியுமா? "என்னை ஒருவன் ஏமாற்றினான்; நான் சும்மா கைமாற்றுகிறேன்; பாவம் அவனுடையது" என்று சொன்னது.

அன்று மாலை என் மாமு கடைக்கு வந்தார். காடிக்குள் ஏறியவர் மூக்கைச் சுருக்கினார். "என்ன மருமகனே, மய்யித்துக்குப் பூசுகிற மாதிரி இப்படி அத்தர் பூசியிருக்கிறாய்?" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சிறு வயதில் மதரஸாவில் கேட்ட ஒரு ஹதீஸ் நினைவுக்கு வந்தது. நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மதீனாக் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழை பட்டுவிட்டது என்றார் வியாபாரி. ஜனங்கள் காணும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவரைக் கடுமையாக எச்சரித்தார்கள். மழை பெய்தது அந்த வியாபாரியின் குற்றமல்ல. ஈரத்தை அடியில் மறைத்ததுதான் குற்றம். வெள்ளம் வந்தது என் குற்றமல்ல. ஆனால் அந்த வாசனைப் புட்டி என்னுடையது.

மறுநாள் அந்தத் தம்பியிடம் கம்பளத்தைத் தூக்கிக் காட்டினேன். செய்த வேலை, செய்யாத வேலை இரண்டையும் எழுதிக் கொடுத்தேன். அவர் தம் போரமனோடு வந்து பார்த்து, கம்பிகள் எல்லாவற்றையும் மாற்றும் செலவைக் கணக்கிட்டு, 15,000 வெள்ளிக்குக் கேட்டார். கொடுத்தேன். அன்றே பெயரும் மாற்றினோம். எனக்கு மொத்த நஷ்டம் 14,800 வெள்ளி. வலிக்கத்தான் செய்தது. ஆனால் இன்றும் அவர் என் கடையில்தான் சாமான் வாங்குகிறார். நான் அவர் கண்ணைப் பார்த்துப் பேசுகிறேன்.

ஃபிக்ஹு கிதாபுகளில் 'கியாருல் ஐப்' என்று ஒரு பாடம் உண்டு. விற்கும்போதே பொருளில் இருந்த மறைவான குறை பின்னால் வெளிப்பட்டால், திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பது அதன் சாரம். இமாம் அபூ ஹனீஃபா ரஹ்மத்துல்லாஹி அலைஹி அவர்கள் கூஃபாவில் துணி வியாபாரம் செய்தவர்கள். அவர்களுடைய கூட்டாளி, குறையுள்ள துணியைக் குறை சொல்ல மறந்து விற்றுவிட்டார் என்று அறிந்ததும், அந்தச் சரக்கின் பணம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டதாக வரலாற்றில் சொல்லப்படுகிறது.

உலக அறிவும் இதையே சொல்கிறது. என் மகள் கல்லூரியில் பொருளாதாரம் படிக்கிறாள். அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் பழைய காடிச் சந்தையைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார் என்று அவள்தான் சொன்னாள். மூன்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பிய அக்கட்டுரைக்கு மதிப்புக் கூடி, 2001-இல் அவருக்கு வேறிருவரோடு நோபல் பரிசு கிடைத்தது. அதன் கருத்தை நம் கணக்கில் சொல்கிறேன். நல்ல காடி 20,000 வெள்ளி பெறும். கெட்ட காடி 10,000 பெறும். வாங்குபவருக்கு வித்தியாசம் தெரியாது. ஆகவே நடுவாக 15,000-தான் கொடுப்பார். நல்ல காடி வைத்திருப்பவர் அந்தக் கிரயத்துக்கு விற்க மாட்டார். சந்தையில் கெட்டவையே மிஞ்சும். அதை அறிந்த ஜனங்கள் இன்னும் குறைத்துக் கேட்பார்கள். முடிவில் நாணயமானவருக்கு அங்கே இடமே இல்லை. ஒருவர் மறைக்கும் குறை, ஊரிலுள்ள நல்ல காடிகளின் கிரயத்தையெல்லாம் தின்றுவிடுகிறது. நம் மஹல்லாவில் ஒருவருக்கொருவர் குறையைச் சொல்லி விற்பது என்று வந்துவிட்டால், நல்ல காடிக்கு நல்ல கிரயம் கிடைக்கும். அந்தக் குறிப்பேடு அப்போது பணமாக மாறும்.

கடைக்காரரிடம் சொந்த உபயோகத்துக்கு வாங்கி ஏமாந்தவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அமைந்த பயனீட்டாளர் தீர்ப்பு மன்றத்தில், வக்கீல் இல்லாமலே 50,000 வெள்ளி வரையுள்ள வழக்கைக் கொண்டு போகலாம். ரசீது, விளம்பரம், பேசிய செய்திகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கையெழுத்திடுமுன் காகிதத்தைப் படியுங்கள். மலாய் புரியாவிட்டால் படித்த பிள்ளையை அருகில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். என்னைப்போல் வெட்கப்பட்டுக் கையெழுத்திடாதீர்கள்.

மனத்தில் வைக்க ஐந்து கேள்விகள்

வாங்குபவர் கேட்க: இதைப் பகலில், என் போரமனோடு பார்த்தேனா? பேங்கின் பாக்கி எழுத்தில் தீர்ந்ததா? ஜேபிஜே ஏட்டில் என் பெயர் ஏறியதா?

விற்பவர் தம்மையே கேட்க: எனக்குத் தெரிந்த குறை எல்லாம் அவருக்கும் தெரியுமா? இதே காடியை, இதே கிரயத்துக்கு, என் சொந்தத் தம்பிக்கு விற்பேனா?

ஐந்துக்கும் 'ஆம்' என்று பதில் வந்தால் கையைக் கொடுத்து வியாபாரத்தை முடியுங்கள். இன்ஷா அல்லாஹ், அதில் பரக்கத் இருக்கும். வல்ல அல்லாஹ் நம் அனைவரின் வியாபாரத்தையும் ஹலாலாக்கி, நம் பயணங்களைப் பத்திரமாக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.

ஸ்ரீ கெம்பாங்கான் மளிகைக் கடைக்காரர் ஒருவர்